தோற்றுப் பழகிய நாடு

அந்த இணையக் குழுவில் ஆளுக்கொரு கற்பனை நாடு. ரக்பி பந்தைத் தொட்டே பார்க்காத தமயந்திதான் போட்டிகளை நடத்துகிறாள். கணினியில் பகடை உருட்டி முடிவு சொல்வாள். ஆரோனின் வெண்குடா நாடு ஜெயித்ததே இல்லை. வென்றவர்களிடம் பந்தைக் கொடுத்த பிறகுதான் எங்கள் ஜனங்கள் வீட்டுக்குக் கிளம்புவார்கள் என்று ஒவ்வொரு தோல்விக்கும் எழுதுவான். இன்று பகடை அவனை ஜெயிக்க வைத்துவிட்டது.

"அக்கா, இன்னொரு தடவை உருட்டுங்களேன்."

"அதெல்லாம் கிடையாதுப்பா. என்னதான் ஆகுதுன்னு பார்ப்போமே."

சாயங்காலம் எழுதியிருந்தான்: "பந்து எங்கள் கேப்டன் கையிலேயே இருக்கிறது. அரங்கில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை."

அடுத்த ஆட்டமும் அதே மைதானத்தில். உருட்டப்போன தமயந்தி விரலை எடுத்துக்கொண்டாள். ஆரோனிடம் கேட்டாள்:

"அவங்கெல்லாம் சாப்பிட்டாங்களா?"