சத்தம் போடாத பூட்ஸ்

நாய்க் காப்பகத்தில் வேலை பார்க்கும் வேதவல்லி, மழைக்காலத்துக்காக முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் வாங்கினாள். கடையில் நான்கு ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு பக்கெட் தண்ணீரில் நின்று பார்த்து, ஒரு சொட்டுகூட உள்ளே வராத ஜோடியை எடுத்தாள்.

காப்பகத்தில், கண் தெரியாத நாய் கரியன் அதை மோந்து பார்த்தது. "பழைய பூட்ஸ் எங்கே?"

"ஓட்டை விழுந்துபோச்சு, தூக்கிப் போட்டுட்டாங்க. நான் அப்படியில்லை. என்னைப் போட்டு நடந்தா சத்தமே வராது" என்றது புது பூட்ஸ், பெருமையாக.

கரியனின் வால் தொங்கிப்போனது. "அது தண்ணி குடிச்சுட்டு சளக் சளக்குன்னு நடக்கும். அதைக் கேட்டுத்தான் நான் அவங்க பின்னாடி போவேன்."

மறுநாள் வேதவல்லி நாய்களை நடக்கக் கூட்டிப்போன ஏரிக்கரையில் நல்ல மழை. மற்ற நாய்கள் முன்னால் ஓடிவிட்டன. வாசனையும் மழையில் கரைந்துபோக, கரியன் மட்டும் நடுவழியில் நின்று காதை அங்குமிங்கும் திருப்பியது. பூட்ஸ் அதைப் பார்த்தது. அடுத்த பள்ளத்தில் வேண்டுமென்றே வழுக்கி, அவள் கவனிக்கும் முன் விளிம்பு வரை முங்கி, வயிறு நிறையத் தண்ணீர் குடித்தது.

"புதுசும் ஒழுகுதே!" என்று வேதவல்லி நேரே கடைக்கு நடந்தாள்.

கடைக்காரர் பூட்ஸைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினார், உள்ளே கைவிட்டுத் தடவினார். "ஒரு ஓட்டையும் இல்லையேம்மா. எப்படித் தண்ணி போச்சு?"



கடை வாசலில், அவளை ஒரு திருப்பத்தில்கூடத் தவறவிடாமல் வந்து சேர்ந்திருந்த கரியன், வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.