பொடி எழுத்தில் மூன்று பக்கம்

"இன்னிக்கு மாசக் கடைசி. ஒரு எக்ஸ்ட்ரா வாரண்டியாவது விக்கலன்னா, நாளையிலிருந்து உங்களுக்கு இந்த கவுண்டர் கிடையாது. சொல்லிட்டேன்!"

பொரிந்து தள்ளிவிட்டு, சூப்பர்வைசர் பில் போடும் இடத்துக்குப் போய் நின்றுகொண்டார். பார்வை மட்டும் செல்போன் கவுண்டரிலேயே இருந்தது.

கவுண்டரில் நின்ற விற்பனைப் பெண் போன் பெட்டிகளை மறுபடி ஒழுங்காக அடுக்கினாள். இரண்டு பிள்ளைகளின் படிப்பும் இந்த வேலையை நம்பித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அவளுக்கு வாய் சாமர்த்தியம் இல்லாமல் இல்லை. எல்லாம் போன மாதம் செய்த ஒரு காரியத்தால் வந்த வினை. போனைத் தண்ணீரில் போட்டுவிட்டு வந்த ஓர் அம்மா, "வாரண்டி போட்டா கவலையே இல்லன்னு சொன்னீங்களே!" என்று அவள் எதிரே நின்று அழுதார். அன்று சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து, பொடி எழுத்தில் இருந்த வாரண்டியின் மூன்று பக்கங்களையும் ஒரு வரி விடாமல் படித்துத் தொலைத்தாள். அதற்குப் பிறகு கூசாமல் பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

மாலையில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் வந்தார். மகளுக்கென்று ஒரு போனைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அவராகவே கேட்டார்.

"எக்ஸ்ட்ரா வாரண்டி இருக்காமே? கீழே விழுந்து உடைஞ்சா சரி பண்ணித் தருவாங்களா?"

"மாட்டாங்க சார். நாலாவது பத்தி."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "மழையில நனைஞ்சா?"

"ஏழாவது பத்தி. வேர்வை பட்டாக்கூட கிடையாது."

"எறும்பு உள்ள பூந்துட்டா?"

இதுவரை யாரும் கேட்காத கேள்வி. "பதினொண்ணாவது பத்தி, கடைசி வரி. எறும்பு, கரப்பான், பல்லி எதுக்கும் கிடையாது சார்."

"அடேங்கப்பா!" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "உங்க கூடப் பிறந்த அண்ணன் கேட்டா, இதை வாங்கச் சொல்வீங்களா?"

சூப்பர்வைசர் முறைத்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று தலையாட்டினால் போதும், வேலை நிலைக்கும்.

"சொல்ல மாட்டேன் சார். முதல் வருஷம் போன் கம்பெனியே பார்த்துக்கும். அப்புறம் மக்கர் பண்றது பெரும்பாலும் பேட்டரிதான். அதுக்கு இதுல கிடையாது. நல்ல கவரா ஒண்ணு வாங்கிப் போட்டுக் குடுங்க, போதும்."

சொல்லி முடித்துவிட்டு, வாரண்டி படிவத்தை எடுத்து மேசைக்குள் வைத்தாள்.

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்துக்கொண்டார். பிறகு சூப்பர்வைசர் காதில் விழும்படி, "எக்ஸ்ட்ரா வாரண்டி ஒண்ணு போடுங்க. மூணு வருஷத்துக்கு!" என்றார்.

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

"உங்களுக்குக் கோடி புண்ணியம் சார். ஆனா இதுல ஒண்ணுமே கிடையாதுன்னு இப்பதானே சொன்னேன்?"

"எனக்குத் தெரியாதாம்மா? வாரண்டி கம்பெனியில உட்கார்ந்து, அத்தனை 'கிடையாது'வையும் எழுதினவனே நான்தான்" என்று கைகூப்பினார் அவர். "இருபது வருஷமா எழுதறேன். படிச்ச முதல் ஆள் நீங்கதான். ரொம்ப நன்றிம்மா!"