டீக்கு அனுமதி இல்லை

வெள்ள மீட்புப் பயிற்சிக்கு வந்த தொண்டர்கள் பாடம் பாதி முடிவதற்குள் நெளிய ஆரம்பித்தார்கள். இடையில் எழுந்து போனால் பயிற்சி செல்லாது; ஊருக்கு வந்த அரசு மானியமும் திரும்பிப் போய்விடும். நகராட்சிச் செயலாளர் அம்மா வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

மானியச் செலவைச் சரிபார்க்க வந்திருந்த தணிக்கை அதிகாரியிடம் குனிந்து, "சார், ஆளுக்கு ஒரு டீயாவது குடுத்திடலாமா?" என்றார்.

"கயிறு வாங்கலாம், படகு வாங்கலாம், டீ மட்டும் கூடாதும்மா. நிஜமாவே ஆபத்து வந்தாத்தான் அதுக்கெல்லாம் அனுமதி. விதியை நானா எழுதினேன்?"

முன்வரிசையே நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு எழுந்தது. அந்த நேரம் பார்த்து, கதவோரம் நின்றிருந்த அதிகாரியின் டிரைவர் தடாலென்று விழுந்தார்.

தொண்டர்கள் ஓடினார்கள். ஒருத்தி நாடி பார்த்தாள். நாலு பேர் ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் பக்கத்து அறையில் கிடத்தினார்கள்.

"ஆபத்து வந்தாச்சு!" என்று கத்தினார் அதிகாரி. "எல்லாருக்கும் டீ, பிஸ்கட் சொல்லுங்கம்மா. மானியத்துலயே எழுதிக்கலாம்!"

டீ வந்தபின் ஒருவரும் நகரவில்லை. செயலாளர் அம்மா பதறிப்போய் டிரைவரைப் பார்க்க நுழைந்தார். படுத்திருந்தவர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

"மேடம், எனக்கும் ஒரு டீ அனுப்புங்க. நேத்து போன ஊர்ல விழுந்தப்போ ஐயா என்னை மறந்தே போயிட்டாரு."