யாரைக் கேட்பது?

“இந்த ஒரு பதிலை மட்டும் எடுத்துடுங்க சார். மொத்த ஆய்வையும் கெடுக்குது” என்றாள் ஆய்வாளர், கணினித் திரையைத் தட்டிக் காட்டி.

தனியாக வாழும் முதியவர்களைப் பற்றிய ஆய்வு அது. வீடு வீடாகப் போனால் செலவு எகிறுகிறது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளைத் தொலைபேசியில் கேட்டாலே நம்பகமான தகவல் கிடைத்துவிடும் என்பது அவள் கட்சி. அதை நிரூபிக்கத்தான் சில முதியவர்களிடம் மட்டும் நேரிலும் போய்க் கேட்டார்கள். அறிக்கை இன்று மாலை போக வேண்டும். அது ஏற்கப்பட்டால் இனி நாடு முழுக்க அவள் வழிதான்.

எல்லாம் பொருந்தி வந்த நேரத்தில் இந்த ஒன்று காலை வாரியது. கோப்பில் பெயரும் ஊரும் கிடையாது, வெறும் எண். அப்பாவுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது என்று மகன் சொல்லியிருந்தார். அதே அப்பா நேரில், ஒரு வருடமாகச் சுத்தமாகப் பார்வை இல்லை என்றிருந்தார்.

நேற்று அந்த வீட்டுக்குப் போய்வந்தவர், எதிரே நின்ற புள்ளியியல் நிபுணர்தான்; போன மாதம் வேலைக்குச் சேர்ந்தவர். லேசில் மசிகிற ஆள் இல்லை.

“சுவரைத் தடவித் தடவி வந்துதான் கதவைத் திறந்தார் மேடம். பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சா வேலையைப் போட்டுட்டு ஓடி வந்துடுவாங்க, சொல்லிடாதீங்கன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டார்.”

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளைக்குத் தெரியாமல் ஒரு வருடம் கண்ணில்லாமல் இருக்க முடியுமா? யாருக்குக் காது குத்துகிறார் இவர்?

“எங்கப்பாவும் தனியாத்தான் இருக்கார். அண்ணன் அடிக்கடி பேசறான். நான் தினமும் பையன் போட்டோ அனுப்பறேன், பாத்துட்டுப் பதில் சொல்றார். எங்களுக்குத் தெரியாம அவருக்கு ஒண்ணு நடந்துடுமா? நேத்து வந்த பதிலைக் கேளுங்க.”

கைபேசியை மேசைமேல் வைத்து அழுத்தினாள். உற்சாகமான குரல் ஒன்று அறையை நிறைத்தது.

“பாத்தேம்மா. மஞ்சள் கோட்டு போட்டுக்கிட்டுப் பேரன் ராஜாவாட்டம் இருக்கான். முன்பல் விழுந்துடுச்சு போல.”

பெருமையோடு நிமிர்ந்தாள். நிபுணர் முகத்தில் ஈயாடவில்லை. மெல்லச் சொன்னார்.

“நேத்து அந்த போட்டோவைப் பாத்து, கோட்டு மஞ்சள்னு அவருக்குச் சொன்னதே நான்தான் மேடம்.”