மறுபடி வரவில்லை

ஷைனியின் செயற்கை வலக்கை நேற்றுக் காலை தானாகத் திறந்துகொண்டது. அதில் இருந்தது அவளுடைய ஐந்து மாதக் குழந்தை. மெத்தைமேல் விழுந்ததால் தப்பியது.

அந்தக் கையில் ஓடுவது ஊர் கூடி எழுதிய திறமூல மென்பொருள். அதன் மையப்பகுதியான கெர்னலைப் பராமரிக்கும் சம்யுக்தாவுக்கு ஷைனி புகார் எழுதியிருந்தாள். இன்று சம்யுக்தாவே போனில் அழைத்தாள்.

"அக்கா, பிள்ள எடைக்கு அரிசிப் பையைத் தூக்கிப் பாத்தீங்களா?"

"காலையிலேர்ந்து அதத்தான் தூக்கிட்டிருக்கேன். ஒரு தடவகூட விடல."

"அப்ப கை செய்யிறதப் பதியுற லாக்க ஆன் பண்ணிட்டு, நேத்து செஞ்சதையே செய்யுங்க. அந்தப் பிழை மறுபடி வந்தாத்தான் என்னால திருத்த முடியும்."

"நேத்து என்ன தூக்கினேன்னு தெரியும்ல உனக்கு?"

"தெரியும்க்கா." சம்யுக்தாவின் குரல் இறங்கிவிட்டது.

ஷைனியின் கணவன் ஆன்றோ மெத்தையை விரித்து மண்டியிட்டான். அவள் குழந்தையை வலக்கையில் வாங்கினாள். அதற்குக் கீழே அவன் இரு கைகளையும் ஏந்திக்கொண்டான். குழந்தை உதைத்தது, சிரித்தது, அவள் சங்கிலியைப் பிடித்து இழுத்தது. கை விடவில்லை.

"விட்டுத் தொலையேன்" என்று ஷைனி பல்லைக் கடித்தாள். சொன்னது காதில் விழுந்ததும் குனிந்து குழந்தையின் நெற்றியில் முத்தமிட்டாள்.

நாற்பது நிமிடம் கழித்து, 'மறுபடி வரவில்லை' என்று குறித்துச் சம்யுக்தா புகாரை மூடினாள்.

"போதும், எந்திரிங்க" என்றாள் ஷைனி.

"நீ மொதல்ல பிள்ளைய எறக்கு" என்றான் ஆன்றோ. ஏந்திய கைகளை அவன் எடுக்கவில்லை.