சுவருக்குள் சோப்பு

குளியலறையில் அக்கா மறுபடியும் கை கழுவிக்கொண்டிருந்தாள். வெளியே தம்பி, அவள் கணவரிடம் சீறினான்.

"நல்லா இருக்கு மாமா நீங்க பண்றது! கழுவிக் கழுவி அவ கையெல்லாம் வெடிச்சுக் கிடந்துச்சு. டாக்டர் குறைக்கச் சொன்னா, நீங்க சுவரை உடைச்சு, பைப்புலயே சோப்பு கலந்து வர்ற மாதிரி செஞ்சு கொடுத்திருக்கீங்க!"

"மத்தவங்க தொட்ட சோப்புன்னா அந்த சோப்பையே பத்து தடவை கழுவுவா மச்சான். இதை யாரும் தொட வேண்டாம். கையை நீட்டினா வரும்."

"எரியுற நெருப்புல எண்ணெய் ஊத்துறீங்க."

மாமா அவனைச் சுவரின் பின்பக்கம் அழைத்துப்போய், குழாயில் பொருத்திய பெட்டியைக் காட்டினார்.

"மெதுவாப் பேசு. உள்ள ஒரு திருகு இருக்கு. சோப்போட அளவு அதுலதான். அவளுக்குத் தெரியாம வாராவாரம் குறைக்கிறேன். போன வாரம் பாதிக்குக் கொண்டுவந்துட்டேன்."

பெட்டியைத் திறந்தவர் திகைத்தார். திருகு முழுவதும் மூடியிருந்தது.

"நான்தான் மூடினேன்." பின்னால் அக்கா ஈரக் கையோடு நின்றிருந்தாள். "நுரை குறையும்போதே தெரிஞ்சுபோச்சு. திங்கட்கிழமைலேருந்து வெறும் தண்ணிதான். முதல் நாள் பயத்துல தூக்கமே வரலை. அப்புறம் வந்துடுச்சு."

மாமா பெட்டியை மெல்ல மூடினார்.

"அடுத்து தண்ணிக்கும் ஒரு திருகு வைங்க. அதையும் நானே குறைச்சுக்கிறேன். உங்க வேகத்துல போனா நான் கிழவியாயிடுவேன்."