பதினேழாவது டம்ளர்

ஒரு பாத்திரம் குறைந்தாலும் டிஷ்வாஷரைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவதாகக் கணவர் ஹபீப் ரகுமான் எச்சரித்திருந்தார். ஃபரீதா எண்ணி வைத்தவை பதினாறு. கழுவியதும் பதினேழு இருந்தன.

"மச்சான், ஒண்ணு கூடுதலால்லா வந்திருக்கு!" என்று கணவரைக் கூப்பிட்டாள்.

கூடுதலாக வந்த டம்ளரில் 'ஆபித்' என்று பெயர் வெட்டியிருந்தது. மூன்றாண்டுகளுக்கு முன் செண்பகத்தோப்பு ஓடையில் வெள்ளம் கொண்டுபோன, ஹபீப்பின் தம்பியுடைய டம்ளர் அது. அவன் உடல்கூடக் கிடைக்கவில்லை. ஹபீப் அந்த டம்ளரைக் கையில் எடுத்தார்.

"ஏட்டி, டீ கொண்டா! அவனுக்கு மூணு கரண்டி சீனி வேணும்."

டீ நிரம்பிய டம்ளரை இயந்திரத்துக்குள் நிமிர்த்தி வைத்து, அவரே பொத்தானை அழுத்தினார். மீண்டும் திறந்தபோது மற்றவை பளபளத்தன. ஆபித்தின் டம்ளர் மட்டும் கழுவப்படாமல், அடியில் கரையாத சீனியோடும் விளிம்பில் உதட்டுத் தடத்தோடும் காலியாக இருந்தது.

"ஏலே, சீனி பத்துச்சா?" என்று ஹபீப் உள்ளே குனிந்து கேட்டார்.